வக்கீலுக்குக் காசில்லையா? இலவச சட்ட உதவியைக் கேட்டு வாங்குவது இப்படி

கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால் நம் ஆட்கள் செய்கிற முதல் காரியம், அதை மடித்து சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பது. அடுத்து, தெரிந்தவருக்குத் தெரிந்தவர் மூலமாக "கொஞ்சம் பணம் கொடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்கிற ஆளைப் பிடிப்பது. பணம் போய், நாளும் போய், தீர்ப்பும் எதிராக வந்த பிறகு, யாரோ சொல்லி, இலவச சட்ட உதவி தருகிற அரசு அமைப்பான சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு வருவது மூன்றாவது. இந்த மூன்றாவதை முதலில் செய்யுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா, வீட்டு வழக்கில் சம்மனை வாங்கி வைத்துக்கொண்டு போகாமலே இருந்துவிட்டார். இரண்டு மூன்று வாய்தா தாண்டியதும், வந்திருந்த எதிர்த்தரப்பை மட்டும் கேட்டுப் போடுகிற ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்துவிட்டது. அப்புறம் இலவச வக்கீல் கிடைக்கத்தான் செய்தார். ஆனால் அந்தத் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனு போட 30 நாள்தான் கெடு, அதுவும் தாண்டியிருந்ததால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி இன்னொரு மனு போட வேண்டியதாயிற்று. சம்மன் வந்த வாரமே போயிருந்தால், எதிருரை, அதாவது நம் தரப்புப் பதிலைத் தாக்கல் செய்வதோடு முதல் கட்டம் முடிந்திருக்கும்.

சரி, யாருக்கு இது கிடைக்கும்?

இது யாரும் மனமிரங்கிப் போடுகிற பிச்சை இல்லை. அரசியல் சட்டத்தின் 39ஏ பிரிவில் 1976-லேயே எழுதப்பட்டு, 1987-ல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டமாகி, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிற உரிமை. அந்தச் சட்டத்தின் 12-வது பிரிவுதான் யாருக்கெல்லாம் உண்டு என்று சொல்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆள்கடத்தலிலோ கொத்தடிமை வேலையிலோ சிக்கியவர்கள், வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், சாதி வன்கொடுமை, தொழிற்சாலை விபத்து போன்றவற்றால் பாதிக்கப்பட்டவர்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், சிறையிலோ காப்பகத்திலோ மனநல மருத்துவமனையிலோ இருப்பவர்கள். இவர்கள் யாருக்கும் வருமான வரம்பு கிடையாது.

இந்தக் கடைசி வரியில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாந்து நிற்கிறார்கள். "என் வீட்டுக்காரர் கவர்ன்மென்ட் வேலையில இருக்காரே, எனக்குத் தர மாட்டாங்களே" என்று ஒரு பெண் தயங்கத் தேவையே இல்லை. கணவர் எவ்வளவு சம்பாதித்தாலும் சரி, அந்தப் பெண்ணே சம்பாதித்தாலும் சரி, பெண் என்ற ஒரே காரணம் போதும். அதுபோலவே பட்டியல் சாதியினருக்குச் சாதிச் சான்றிதழ், மாற்றுத்திறனாளிக்கு அடையாள அட்டை, அவ்வளவுதான்.

மேலே சொன்ன எதிலும் வராதவர்களுக்குத்தான் வருமான வரம்பு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய்க்குக் கீழே, உச்ச நீதிமன்றத்தில் நடக்கிற வழக்கு என்றால் 5 லட்சத்துக்குக் கீழே. இதற்கும் தாசில்தார் அலுவலகத்தில் வருமானச் சான்றிதழுக்காக மாதக்கணக்கில் அலைய வேண்டும் என்று இல்லை. "என் ஆண்டு வருமானம் இவ்வளவு" என்று நீங்களே கையெழுத்திட்டுத் தருகிற உறுதிமொழிப் பத்திரத்தை ஏற்றுக்கொள்ளலாம் என்று அதே சட்டத்தின் 13-வது பிரிவு சொல்கிறது. கவுண்டரில் இருப்பவர் சான்றிதழ் கேட்டால் இதைப் பணிவாகச் சொல்லிப் பாருங்கள். பொய்க் கணக்கு மட்டும் எழுதிவிடாதீர்கள், தெரியவந்தால் உதவியைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

எங்கே போவது?

ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெரும்பாலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே, 'மாற்றுமுறைத் தீர்வு மையம்' என்று பலகை மாட்டிய கட்டடத்தில் இருக்கும். பலகையில் இப்படி ஒரு பெயர் இருப்பதால் அதைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டே "இலவச வக்கீல் ஆபீஸ் எங்கே" என்று தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தாலுகா அளவில் கோர்ட் இருக்கும் ஊர்களில் வட்ட சட்டப் பணிகள் குழு உண்டு. உயர் நீதிமன்ற வழக்குகளுக்குச் சென்னையிலும் மதுரையிலும் தனித்தனிக் குழுக்கள்.

நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், கட்டணம் இல்லை. தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் இணையதளத்திலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் என் அனுபவத்தில், நடமாட முடிகிறவர்கள் நேரில் போவதே நல்லது. காகிதங்களைப் பார்த்து ஒருவர் பேசுவதற்கும் போனில் கதை கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. வழக்கு என்று எதுவும் இன்னும் வரவில்லை, இதற்கு என்ன செய்யலாம் என்று மட்டும் கேட்க வேண்டும் என்றால் டெலி-லா என்று ஒன்று இருக்கிறது, 14454-க்கு அழைத்தாலோ பொதுச் சேவை மையத்துக்குப் போனாலோ வக்கீல் ஒருவரிடம் ஆலோசனைக்கு நேரம் வாங்கித் தருவார்கள்.

அலுவலகத்தில் நீங்கள் முதலில் பார்ப்பது வக்கீலாகவும் இருக்கலாம், சட்டத் தன்னார்வலராகவும் இருக்கலாம். தன்னார்வலர்கள் வக்கீல்கள் அல்ல. பயிற்சி பெற்ற நம்மைப் போன்ற ஆட்கள்தான். மனு எழுத, எந்த அலுவலகத்துக்குப் போவது என்று காட்ட, கூட வர என்று அவர்கள் செய்கிற உதவி பெரிது. எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயால் சொன்னால் அவர்களே எழுதிக்கொள்வார்கள்.

மனுவில் என்ன எழுதுவது?

அச்சிட்ட படிவம் அங்கேயே கிடைக்கும். படிவம் இல்லை, நாளைக்கு வாருங்கள் என்றால் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுங்கள், அதுவும் செல்லும். பெறுநர் இடத்தில் "செயலாளர், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு" என்று போடுங்கள். உள்ளே இப்படி எழுதினால் போதும்:

"நான் மேற்கண்ட முகவரியில் வசிக்கிறேன். நான் ஒரு பெண் என்பதால் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பிரிவு 12-ன்படி இலவச சட்ட உதவி பெறத் தகுதியுள்ளவள். இந்த நீதிமன்றத்தில் இந்த எண்ணுள்ள வழக்கில் நான் எதிர்மனுதாரர். அடுத்த வாய்தா இந்தத் தேதி. எனக்காக ஆஜராக ஒரு வழக்கறிஞரை நியமித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதில் உயிர்நாடி அந்த வாய்தா தேதிதான், அதை மட்டும் பெரிதாக எழுதி அடிக்கோடு போடுங்கள். வழக்கின் முழுக் கதையையும் மனுவில் எழுதாதீர்கள். கல்யாணப் பத்திரிகை அடித்த நாளிலிருந்து தொடங்கி ஆறு பக்கம் எழுதிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. பாவம், மனசில் இருப்பதைக் கொட்டுகிறார்கள், ஆனால் படிக்கிறவர் அதில் தேதியையும் கோர்ட் பெயரையும் தேடிக் களைத்துப் போவார். கதையைத் தனித்தாளில், நடந்த வரிசைப்படி, தேதி போட்டு ஒரு பக்கத்துக்குள் எழுதி வைத்துக்கொண்டால் பிறகு வக்கீலிடம் கொடுக்க உதவும்.

கூடவே ஆதார் நகல், எந்தப் பிரிவில் தகுதியோ அதற்கான சான்று, சம்மன் அல்லது நோட்டீஸ், எதிர்த்தரப்பு கொடுத்த மனு நகல், உங்களிடம் இருக்கும் பத்திரம், ரசீது, மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். எல்லாம் நகல்தான். மூலப் பத்திரத்தைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். மனுவின் இன்னொரு பிரதியில் தேதியோடு முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். விண்ணப்பம் கொடுத்த 7 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது, அந்த முத்திரை இல்லாவிட்டால் எந்த நாளிலிருந்து ஏழு என்று எப்படி எண்ணுவது? மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். செயலாளரின் முடிவை எதிர்த்து ஆணைக்குழுவின் தலைவரிடம் முறையிடலாம். மாவட்டத்தில் அவர் முதன்மை மாவட்ட நீதிபதி.

வக்கீல் கிடைத்த பிறகு

இங்கேதான் நிறையப் பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். நியமன உத்தரவு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அந்த உத்தரவோடு வக்கீலைப் போய்ப் பார்த்து, எனக்காக ஆஜராகலாம் என்று வக்கீலுக்கு அதிகாரம் தருகிற வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு, காகிதங்களைக் கொடுத்து, அவர் போன் நம்பரை வாங்கினால்தான் வழக்கு நகரும்.

வக்கீல் கட்டணம், கோர்ட் கட்டணம், சம்மன் அனுப்பும் செலவு, மனு டைப் செய்வது, தீர்ப்பின் சான்றிட்ட நகல் எடுப்பது எல்லாம் இலவசத்தில் அடக்கம். நியமிக்கப்பட்ட வக்கீல் உங்களிடம் காசு கேட்கக் கூடாது, நீங்களாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. "ஜெராக்ஸுக்கு ஒரு ஐநூறு", "குமாஸ்தாவுக்கு ஏதாவது" என்று ஆரம்பித்தால் செயலாளருக்கு எழுத்தில் சொல்லுங்கள். செயலாளர் என்பவர் குமாஸ்தா இல்லை, நீதிபதி அந்தஸ்தில் இருப்பவர், அவரை நேரில் பார்த்துப் பேசலாம்.

இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று இருப்பார் என்ற பேச்சு உண்டு. நான் இரண்டு வகையையும் பார்த்திருக்கிறேன். ஒன்றுமே வாங்காமல் உயிரைக் கொடுத்து வாதாடியவர்கள் இருக்கிறார்கள், மூன்று வாய்தாவுக்கு வராமல் விட்டவரும் இருக்கிறார். காசு வாங்குகிற வக்கீல்களிலும் இந்த இரண்டு வகையும் உண்டு, அது வேறு கதை. உங்கள் வக்கீல் சரியாக வரவில்லை என்றால் எந்தத் தேதியில் வரவில்லை, எத்தனை முறை போன் செய்தீர்கள் என்று குறித்துவைத்து, வேறு வக்கீல் வேண்டும் என்று செயலாளரிடம் மனு கொடுங்கள், மாற்றித் தருவார்கள். "அவர் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் எடுபடாது.

வழக்கு எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள யாரையும் கெஞ்ச வேண்டாம். ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணும் கலந்து 16 இலக்கத்தில் சி.என்.ஆர். எண் ஒன்று இருக்கும். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா தேதியும் கடைசியாகப் போட்ட உத்தரவும் வந்துவிடும். வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை இருந்தால் அதன் கையில் கொடுங்கள், ஒரு நிமிட வேலை.

கைது என்றால்

இது மட்டும் ஏழு நாள் காத்திருக்கிற விஷயம் இல்லை. கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அங்கே முதல் முறை நிறுத்தும்போதே இலவச வக்கீல் பெறும் உரிமை தொடங்கிவிடுகிறது என்று உச்ச நீதிமன்றம் 1981-லேயே சொல்லிவிட்டது. கேட்கவில்லை என்பதால் அந்த உரிமை போய்விடாது என்று 1986-ல் இன்னொரு தீர்ப்பு. இருந்தாலும் கேட்டுவிடுங்கள். "எனக்கு வக்கீல் வைக்க வசதி இல்லை, இலவச வக்கீல் வேண்டும்" என்ற ஒரு வரியை மாஜிஸ்திரேட்டிடம் சொல்லும்படி உள்ளே இருப்பவருக்கு எப்படியாவது தெரிவித்துவிடுங்கள், வெளியே இருக்கிற குடும்பம் அதே நேரத்தில் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகட்டும்.

சிறைக்குப் போன பிறகும் வழி அடைபட்டுவிடவில்லை. சிறைக்குள் சட்ட உதவி மையம் இருக்கிறது, சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவும் விண்ணப்பம் போகும். ஜாமீன் உத்தரவு வந்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே கிடப்பவர்கள் நிறைய. உத்தரவு வந்து 7 நாளாகியும் ஒருவர் வெளியே வரவில்லை என்றால் கண்காணிப்பாளர் அதை மாவட்ட ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. அதுபற்றி நீங்களே போய் விசாரித்தால் வேகம் கூடும்.

புகார் கொடுக்கப் போனவர்களுக்கு ஒரு வார்த்தை. எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். வெறும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பினால் அது வழக்குப் பதிவு அல்ல, புகார் வந்தது என்பதற்கான சீட்டு மட்டும்தான். பதிவு செய்ய மறுத்தால் அதே புகாரை மாவட்ட எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள், அங்கேயும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. எழுதித் தர அதே ஆணைக்குழுவைக் கேட்கலாம்.

வக்கீலுக்கு முன்னால் பார்க்க வேண்டியவர்கள்

சில பிரச்சினைகளுக்கு கோர்ட் முதல் படி இல்லை. வீட்டில் அடி உதை என்றால் 181-க்கு அழையுங்கள், உயிருக்கு ஆபத்து என்றால் 112. மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார், குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அறிக்கை தயாரித்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவது அவர் வேலை. அம்மா வீட்டுக்கு வந்துவிட்ட பெண், கணவர் ஊரில் போய்த்தான் வழக்குப் போட வேண்டும் என்று இல்லை, தற்காலிகமாகத் தங்கியிருக்கிற ஊரிலேயே போடலாம். வீடு கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருக்கிறது என்பதற்காக வெளியே தள்ளவும் முடியாது, குடும்பமாக வாழ்ந்த வீட்டில் இருக்கிற உரிமையைச் சட்டம் தருகிறது.

பிள்ளைகள் சோறு போடாத பெற்றோருக்கு 2007-ம் ஆண்டுச் சட்டத்தில் தனித் தீர்ப்பாயம் இருக்கிறது, கோட்டாட்சியர் அலுவலகத்தில் வெள்ளைத்தாளில் மனு கொடுத்தால் போதும். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கேட்கலாம். சொத்தைத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டு நடுத்தெருவில் நிற்பவர்கள் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கவும் இதில் வழி உண்டு. ஆனால் "என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனை பத்திரத்தில் இருந்தால்தான் பிடி வலுவாக இருக்கும், எழுதிக் கொடுக்கும் எண்ணத்தில் இருக்கிற பெரியவர்கள் அந்த வரியைச் சேர்க்காமல் ரிஜிஸ்தர் ஆபீஸ் படி ஏறாதீர்கள். முதியோருக்கான உதவி எண் 14567.

சாதி வன்கொடுமைக்கு 14566, குழந்தைகளுக்கு 1098, ஆன்லைனில் பணம் பறிபோனால் 1930. இந்தக் கடைசி எண்ணுக்கு எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது, பணம் கைமாறுவதற்குள் கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கும்.

இன்னொன்று, பலர் கேள்விப்படாதது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு அரசு தரும் இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டியதும் இதே மாவட்ட ஆணைக்குழுவிடம்தான். குற்றவாளி பிடிபடாமல் இருந்தாலும் கேட்கலாம்.

மக்கள் நீதிமன்றத்தில் கையெழுத்துப் போடும் முன்

இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசிச் சமரசமாக முடிக்கிற மக்கள் நீதிமன்றம், அதாவது லோக் அதாலத், நல்ல ஏற்பாடு. கட்டணம் இல்லை, நிலுவையில் இருக்கிற வழக்கு அங்கே முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்ப வரும். விபத்து இழப்பீடு, செக் வழக்கு, வங்கிக் கடன், குடும்ப வழக்கு எல்லாம் ஒரே நாளில் முடிகிறது. ஆனால் அங்கே போடுகிற உத்தரவு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன்மீது அப்பீல் கிடையாது. வெளியே வந்து தூக்கம் கலைந்தவர் மாதிரி "குறைவா ஒத்துக்கிட்டேனே" என்று சொல்லிப் பயனில்லை. தொகை பிடிக்கவில்லை என்றால் முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வரலாம், வழக்கு பழைய கோர்ட்டிலேயே தொடரும், அதற்காக யாரும் உங்களைக் கோபிக்க முடியாது.

மின்வாரியம், இன்சூரன்ஸ், மருத்துவமனை, தண்ணீர், போக்குவரத்து மாதிரிப் பொதுச் சேவைகளோடு தகராறு என்றால் நிரந்தர மக்கள் நீதிமன்றம் என்று தனியே ஒன்று உண்டு, ஒரு கோடி ரூபாய் மதிப்பு வரையான விவகாரங்களை எடுப்பார்கள். இங்கே இரு தரப்பும் ஒத்துவராவிட்டால் அவர்களே தீர்ப்பும் சொல்லலாம், அதனால் பேசிப் பார்க்கலாம் என்று வெறும் கையோடு போகாமல் ஆதாரங்களோடு போங்கள். வேறு கோர்ட்டில் வழக்குப் போடுவதற்கு முன்பே இங்கே வர வேண்டும்.

கோர்ட் வாசலில் டீக்கடை ஓரமாக நின்று "இலவச வக்கீலா, நான் வாங்கித் தர்றேன்" என்று கூப்பிடுகிற ஆள் எப்போதும் ஒருவர் இருப்பார். அவரிடம் பேச்சே கொடுக்காமல் உள்ளே நடந்து, மாற்றுமுறைத் தீர்வு மையம் எந்தக் கட்டடம் என்று வாசலில் இருக்கிற போலீஸ்காரரைக் கேளுங்கள். காலை நேரத்தில் போனால் நல்லது, சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு ஆட்களைப் பிடிப்பது கொஞ்சம் கஷ்டம்.